கிளட்ச் முதல் எட்டு வரை: டெஸ்டுக்கு முன் குறை பார்த்துச் சரிசெய்யும் வழி

மதுரையில் கார், டூவீலர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. டெஸ்டுக்குத் தேதி வாங்கிய பிறகுதான் பலருக்குப் பயமே வரும். "மாஸ்டர், கிளட்ச் மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது", "அண்ணே, எட்டுல கடைசி வளைவுல கால் வச்சிர்றேன்" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவர்கள் சொல்கிற குறை உண்மைதான். ஆனால் அதன் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். கால் செய்கிற தப்புக்கு சீட் காரணமாக இருக்கும், கை செய்கிற தப்புக்குக் கண் காரணமாக இருக்கும். காலையே திட்டிக்கொண்டிருந்தால் கால் இன்னும் நடுங்கும், அவ்வளவுதான்.

கீழே குறையை வைத்தே தலைப்பு போட்டிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் கார் ஓட்டுபவர்கள் சீட் பற்றிய முதல் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம்.

எந்தக் குறையாக இருந்தாலும் முதலில் சீட்

முதுகை சீட்டில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்து, இடது காலால் கிளட்சைக் கடைசி வரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நேராகிறது என்றால் சீட் பின்னால் இருக்கிறது. இடுப்பை முன்னால் தள்ளித்தான் மிதிக்க முடிகிறது என்றால் அதுவும் அதே கோளாறுதான். அடுத்து, தோள் சீட்டை விட்டு எழாமல் மணிக்கட்டை ஸ்டியரிங்கின் உச்சியில் வைக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லை என்றால் சாய்மானத்தை நிமிர்த்துங்கள்.

உயரம் குறைவானவர்கள் கூச்சப்படாமல் அடியில் ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பு, பின்பட்டி இல்லாத செருப்பு இரண்டும் வேண்டாம். புடவை கட்டி வருபவர்கள் கொசுவம் பெடல் பக்கம் தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடியை சீட்டுக்குப் பிறகு சரிசெய்யுங்கள், முன்னால் அல்ல. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில், டெஸ்டில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியலே பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்வதில்தான் தொடங்குகிறது.

கிளம்பும்போது வண்டி ஆஃப் ஆகிறது

முதலில் இரண்டு அற்பக் காரணங்களைக் கழித்துவிடுங்கள். ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா? கியர் உண்மையிலேயே ஃபர்ஸ்ட்டில் இருக்கிறதா? கோரிப்பாளையம் சிக்னலில் தேர்டு கியரில் வந்து நின்று, பச்சை விழுந்ததும் அதே தேர்டில் கிளப்பப் பார்ப்பவர்கள் நிறைய. பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தால் கியர் ஞாபகம் எங்கே வரும்?

இரண்டும் சரியாக இருந்தும் ஆஃப் ஆகிறது என்றால் கிளட்சை விடும் விதத்தில்தான் குறை. கிளட்ச் மேலே வரும் தூரம் முழுவதும் ஒரே மாதிரி இல்லை. கீழிருந்து கொஞ்ச தூரம் எதுவும் நடக்காது. அப்புறம் ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கனத்து இறங்கும், பானட் லேசாக மூக்கைத் தூக்கும். அந்த இடத்தில்தான் கால் நிற்க வேண்டும். அதற்குக் கீழே வேகமாக விட்டாலும் பரவாயில்லை. அந்த இடத்தைக் கடக்கும்போது மட்டும் அவசரப்படக் கூடாது. ஆஃப் செய்கிறவர்கள் எல்லோருமே இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கீழே பயந்து பயந்து விடுவார்கள், வண்டி அசைந்ததும் "கிளம்பிருச்சு" என்ற சந்தோஷத்தில் காலை எடுத்தேவிடுவார்கள்.

பழகும் முறை: ப்ளாட் போட்டு மஞ்சள் கல் நட்டு, வீடு வராத இடங்கள் ஊரைச் சுற்றி எவ்வளவோ இருக்கின்றன. அங்கே சமதளத்தில் நிறுத்துங்கள். ஃபர்ஸ்ட் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல், கிளட்சை மட்டும் விட்டுச் சத்தம் மாறும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். வண்டி ஊர்ந்ததும் அங்கேயே காலை வைத்திருந்துவிட்டு மறுபடி மிதித்து நிறுத்துங்கள். திரும்பத் திரும்ப இதே. ரோட்டில் ஒரு வாரம் ஓட்டி வருகிற பழக்கம் இதில் ஒரு காலையில் வந்துவிடும். குதிகால் தரையில் ஊன்ற முடிந்தால் ஊன்றிக்கொள்ளுங்கள். பாதம் சின்னதாக இருந்தால் வம்படியாக ஊன்ற வேண்டாம், பிடிப்பு நழுவும்.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் நன்றாக வருகிறது, வீட்டு வண்டியில் வரவில்லை

இதில் ஓட்டுபவர் மேல் தப்பே இல்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியின் கிளட்ச் தினமும் பல பேரிடம் மிதிபட்டுத் தேய்ந்திருக்கும். அதனால் அது கிட்டத்தட்ட மேலே வந்துதான் பிடிக்கும். வீட்டில் நிற்கும் புது வண்டி கீழேயே பிடித்துவிடும். கால் பழைய உயரத்தை எதிர்பார்த்துப் போகும், வண்டி அதற்குள் உதறி நின்றுவிடும். புது வண்டியில் ஏறியதும், மேலே சொன்ன ஊர்ந்து செல்லும் பயிற்சியைக் கொஞ்ச நேரம் செய்தால் சரி. ஒன்று மட்டும்: டெஸ்டுக்கு எந்த வண்டியோ, கடைசி வாரம் அந்த வண்டியை மட்டும் ஓட்டுங்கள். "வீட்டு வண்டியிலயும் பழகிக்கிறேன்" என்ற ஆசையை லைசென்ஸ் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

துள்ளித் துள்ளிப் போகிறது

கிளட்சைப் பிடிப்பு இடத்தைத் தாண்டிச் சட்டென்று விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து எடுப்பதால் வருவது. துள்ள ஆரம்பித்ததும் உடம்பு குலுங்கும், குலுங்கினால் கால் மறுபடி பெடலை அடிக்கும். உடனே கிளட்சை முழுவதும் மிதித்துவிடுங்கள், துள்ளல் நின்றுவிடும். அப்புறம் மெதுவாக மறுபடி தொடங்குங்கள்.

மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருள்கிறது

ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. அதனால் இதைத் தவிர்க்க வழியில்லை. உருள்வதற்குக் காரணம் கேட்டால் எல்லோரும் "கால் வேகம் பத்தலை" என்பார்கள். பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்குக் காலை வேகமாக மாற்றினால் தப்பித்துவிடலாம் என்ற நினைப்பு. வேகத்தை நம்பினால் பத்தில் ஏழு தரம் வரும். டெஸ்ட் அன்று அந்த மீதி மூன்று வந்து நிற்கும்.

ஹேண்ட் பிரேக்கை நம்புங்கள். ஏற்றத்தில் நின்றதும் அதை இழுத்துவிட்டு வலது காலை விடுதலை செய்யுங்கள். இனி அவசரமே இல்லை. ஃபர்ஸ்ட் கியர். சமதளத்தில் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் ரேஸ் கொடுத்து அதை அப்படியே நிறுத்துங்கள். கிளட்சைப் பிடிப்பு இடம் வரை கொண்டுவாருங்கள். சத்தம் இறங்கும், வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கும். கிளம்பத் துடிக்கும் வண்டியை ஹேண்ட் பிரேக் பிடித்து வைத்திருப்பது உங்களுக்கே தெரியும். அப்போது மட்டும் ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். பின்னால் ஒரு அங்குலம்கூடப் போகாது. அப்படியும் போனால், அமுங்குவதற்கு முன்பே இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

இன்னொரு குறை, இறக்கவே மறந்துவிடுவது. ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் கையை மறுபடி ஹேண்ட் பிரேக்கில் வைத்து, இறக்கும் வரை எடுக்காதீர்கள்.

பழக எங்கே போவது? யானைக்கல் பக்கம் தரைப்பாலத்திலிருந்து மேலே ஏறும் சரிவில் என்னோடு வந்தவர்கள் உண்டு. ஆனால் அது அதிகாலைக்குத்தான் சரி, ஆறில் தண்ணீர் வந்தால் அதுவும் அடைபடும். நத்தம் ரோட்டு மேம்பாலத்துக்குக் கூட்டிப் போகச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். 2023-இல் திறந்த அந்த 7.3 கிலோமீட்டர் பாலம் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு. அதன் ஏற்றத்தில் நடுவே நிறுத்திக் கிளப்பிப் பழகுவது, பின்னால் வருகிறவன் பிரேக்கில் நம் உயிரை வைப்பது. புறநகரில் கண்மாய்க் கரை மேல் ஏறும் மண் பாதை எதுவும் போதும். ஏற்றம் நீளமாக இருக்க வேண்டியதில்லை, வண்டியின் நாலு சக்கரமும் சரிவில் இருந்தால் சரி.

கியர் தப்பாக விழுகிறது

செகண்டிலிருந்து தேர்டு போட்டால் மறுபடி ஃபர்ஸ்ட்டுக்குப் போய் வண்டி அலறுகிறதா? கியர் கம்பியை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். நியூட்ரலுக்கு வந்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கம்பியைத் தானாக நடுவுக்குக் கொண்டுவந்துவிடும், தேர்டு நேராக மேலே இருக்கிறது. இறுக்கிப் பிடித்தால் அதை நடுவுக்கு வர விடாமல் இடது பக்கமே வைத்திருப்பீர்கள். ஃபர்ஸ்ட், செகண்டுக்கு உள்ளங்கை இடது பக்கம் பார்த்துத் தள்ள வேண்டும். தேர்டு, ஃபோர்த்துக்கு விரல் நுனி போதும்.

கியரைக் குனிந்து பார்க்கிற பழக்கம் இருந்தால், வண்டி ஆஃபில் நிற்கும்போது வீட்டு வாசலிலேயே கிளட்சை மிதித்துக்கொண்டு கண்ணை மூடிப் போட்டுப் பழகுங்கள். ரிவர்ஸ் போடும்போது கறகற என்கிறது என்றால் வண்டி இன்னும் முன்னால் உருள்கிறது. முழுசாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, மூச்சு விடும் நேரம் பொறுத்துப் போடுங்கள்.

இடது பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை

ஓட்டுபவர் வலது பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடது சக்கரம் தூரத்தில் இருக்கிறது. அதனால் பயந்து ரோட்டின் நடுவிலேயே போவார்கள். இன்னும் சிலர், எதிரே பஸ் வந்தால் இடது பக்கம் நிற்கும் தள்ளுவண்டியை உரசப் போவார்கள். கீழவாசல் பக்கம் ஒரு சுற்று போனால் இந்தக் குறை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இதற்கு நான் காலித் தண்ணீர் பாட்டில் வைத்துப் பழக்குகிறேன். ஆளில்லாத ரோட்டில் பாட்டிலைப் படுக்கவைத்துவிட்டு, முன்பக்க இடது டயரால் அதை நசுக்கச் சொல்வேன். முதலில் யாருக்கும் அகப்படாது. பாட்டிலுக்கு ஒரு முழம் வலது பக்கமாகவே போய்க்கொண்டிருப்பார்கள். இறங்கிப் பார்க்கச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பணி ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், "பாட்டில்தான் நகருது" என்று என்னிடமே வாதம் செய்தார். ஒருவழியாக டயருக்கு அடியில் படக்கென்று சத்தம் வந்ததும் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லி, "இனி அந்தக் கோட்டிலேயே மறுபடி வாங்க சார், பாட்டில் மறையிறதுக்கு முன்னாடி பானட்ல எந்த இடத்துக்கு நேரா தெரியுதுன்னு பாருங்க" என்றேன். வைப்பர் வேரின் பக்கமாக ஓரிடத்தைக் காட்டினார். உயரத்துக்கு ஏற்ப அந்த இடம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் அடுத்தவர் சொல்லிக்கொடுக்க முடியாது. உங்கள் பாட்டிலை நீங்கள்தான் நசுக்க வேண்டும்.

வண்டி இடமும் வலமும் ஆடிக்கொண்டே போகிறது என்றால் பானட்டுக்கு முன்னால் உள்ள ரோட்டையே பார்க்கிறீர்கள். பார்வையைத் தூரத்துக் கரண்ட் கம்பம் வரை தூக்குங்கள். கை தானாக அடங்கும்.

ரிவர்ஸில் எந்தப் பக்கம் ஒடிப்பது என்று குழம்புகிறது

பின்பக்கம் எங்கே போக வேண்டுமோ அந்தப் பக்கமே ஒடியுங்கள், யோசிக்க வேறொன்றும் இல்லை. குழப்பம் வருவது திசையால் அல்ல, வேகத்தால். கிளட்ச்சிலேயே ஊர்ந்தால் தப்பாக ஒடித்தாலும் திருத்த நேரம் கிடைக்கும். இடது தோளுக்கு மேலாகத் திரும்பிப் பின்கண்ணாடி வழியே பாருங்கள். முன்னால் பார்த்துக்கொண்டே பின்னால் போகிறவர்களை எனக்குப் பார்க்கவே பதறுகிறது.

எட்டு போடும்போது கால் ஊன்றிவிடுகிறது

டூவீலருக்கு எட்டுதான் டெஸ்ட். வருடக்கணக்கில் வண்டி ஓட்டியவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா எக்ஸெல்லில் வந்தார். "ஏந்தம்பி, பால் கேனோட வரப்புல வர்றவ நான், இந்த எட்டுல என்ன இருக்கு?" என்று சிரித்தார். முதல் வளைவு போனார், இரண்டாவதில் கால். மறுபடி கால். நேர் ரோட்டில் அவர் வேகத்துக்கு நானே பயப்படுவேன், ஆனால் எட்டில் அவர் கண் முன் டயரை விட்டு எழவில்லை.

"அக்கா, டயரைப் பாக்காதீங்க. அந்த வேப்பமரத்தைப் பாருங்க."

"மரத்தைப் பாத்தா கோட்டை மிதிச்சுருவேனே?"

"மிதிங்க, பரவாயில்ல. மரம் முதுகுக்குப் பின்னால போனதும் அங்க நிக்கிற ஆட்டோவைப் பாருங்க."

கோட்டை மிதிக்கவில்லை. எட்டில் தலை முதலில் திரும்ப வேண்டும், வண்டி அப்புறம் வரும். ஒரு வளைவு பாதி முடியும்போதே அடுத்த வளைவின் கடைசியைப் பார்த்துவிட வேண்டும்.

தலை சரியாகத் திரும்பியும் கால் இறங்குகிறது என்றால் அடுத்தது ஆக்ஸிலேட்டர். வளைவில் பயந்து அதை மூடிவிட்டால் வண்டி சாய்ந்துவிடும். லேசாகத் திறந்தே வைத்து, வேகம் கூடினால் பின் பிரேக்கால் அடக்குங்கள். கியர் பைக்கில் ஃபர்ஸ்ட் கியர், கொஞ்சம் கிளட்ச், வலது கால் பிரேக். ஸ்கூட்டரில் இடது கை பிரேக். வளைவில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் சக்கரத்தைப் பிடித்தால் வண்டி அங்கேயே விழும். உடம்பை வண்டியோடு சேர்த்துச் சாய்க்காதீர்கள், ஊர்ந்து போகும் வேகத்தில் வண்டி சாயட்டும், நீங்கள் நிமிர்ந்து இருங்கள்.

பழகும்போது இரண்டு செங்கலைத் தள்ளித் தள்ளி வைத்துப் பெரிய எட்டாகத் தொடங்கி, வர வர நெருக்குங்கள். நேராகச் சின்ன எட்டில் இறங்குவது வீண் பிடிவாதம்.

கியர் இல்லாத வண்டியில் எட்டு போட்டு வாங்கும் லைசென்ஸில் கியர் பைக் ஓட்ட முடியாது, அது தனி வகை. மகனின் பைக்கையும் எடுக்கும் எண்ணம் இருந்தால் விண்ணப்பத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் எல்லாம் சரி, டெஸ்டில் மட்டும் சொதப்புகிறது

"நெர்வஸ் ஆயிட்டேன்" என்பார்கள். பாதிக்குப் பாதி அது பதற்றம் இல்லை. பயிற்சி வண்டிகளில் மாஸ்டர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆட்டோ குறுக்கே வந்தால் அது உயிரைக் காக்கும். அதே பெடல்தான் மாணவரைக் கெடுக்கவும் செய்கிறது. நீங்கள் ஆஃப் செய்யப் போகும் நொடியில் பக்கத்துக் கால் லேசாக மிதித்துக் காப்பாற்றிவிடும், நீங்களே ஓட்டியதாக நினைத்துக்கொள்வீர்கள். கண்டுபிடிப்பது சுலபம். பல வண்டிகளில் இரண்டு பெடலும் இணைந்திருக்கும். உங்கள் கால் அடியில் பெடல் தானாக இறங்கினால் மாஸ்டர் கால் அங்கே இருக்கிறது. "மாஸ்டர், காலைப் பின்னால மடக்கி வச்சுக்கோங்க" என்று தைரியமாகச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு மாஸ்டரைப் பாருங்கள்.

குரலும் அப்படித்தான். "கிளட்ச்... பிரேக்... இண்டிகேட்டர்" என்று ஓதிக்கொண்டே வருகிறவர் பக்கத்தில் இருந்தால் உங்கள் மூளை வேலை செய்யாது. டெஸ்டில் பக்கத்தில் உட்காரும் மோட்டார் வாகன ஆய்வாளர், பெரியவர்கள் வாயில் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர், "போங்க", "ஓரம் கட்டுங்க" தவிர எதுவும் பேச மாட்டார். கடைசிச் சில வகுப்புகளில் நான் வாயே திறப்பதில்லை. முடிந்தால் மாணவருக்குப் பழக்கமில்லாத இன்னொரு மாஸ்டரை என் இடத்தில் உட்கார வைப்பேன்.

அந்த "ஓரம் கட்டுங்க"வில்தான் விழுகிறவர்கள் அதிகம். காதில் விழுந்ததும் பிரேக்கில் கால் போய்விடும். அவர் கேட்டது இப்போதே நிறுத்தச் சொல்லி அல்ல. கண்ணாடி பாருங்கள், இடது இண்டிகேட்டர் போடுங்கள், பின்னால் வருகிறவர் புரிந்துகொள்ள நேரம் கொடுங்கள், அப்புறம் பிரேக். வண்டி நிற்கப் போகும்போதுதான் கிளட்ச். கிளட்சை முதலில் மிதிக்கிறவர்களுக்கு வண்டி கட்டுப்பாடில்லாமல் உருளும். ஹாரன் விஷயத்தில் நம்மூர்ப் பழக்கத்தை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வண்டியைத் தொடுவதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டார்கள்

எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வாங்கி 30 நாள் ஆகாமல் டெஸ்டுக்குப் போக முடியாது. அதன் ஆயுள் 6 மாதம், தாண்டினால் மறுபடி முதலிலிருந்து. வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நடப்பில் இருக்கட்டும். வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்தில் எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். டூவீலருக்கு ஹெல்மெட். உங்கள் 6 மாதம் சித்திரைத் திருவிழா சமயத்தில் முடிகிறது என்றால் அதற்கு முன்பே தேதி வாங்கிவிடுங்கள். அந்த நாட்களில் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் பழகவும் முடியாது, போய்ச் சேரவும் முடியாது.

ஃபெயில் ஆகிவிட்டது

7 நாள் கழித்து மறுபடி போகலாம். 3 தரம் தவறினால் அடுத்ததற்கு 60 நாள் காத்திருக்க வேண்டும். அதனால் 2 தரம் தவறியவர்கள் மூன்றாவதற்கு உடனே ஓட வேண்டாம். எல்.எல்.ஆரில் நாள் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பொறுத்தே போங்கள். எதில் தவறினீர்கள் என்று ஆய்வாளரிடமே மரியாதையாகக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். இடையில் ஊரெல்லாம் சுற்றி ஓட்டாமல், அவர் சொன்ன அந்த ஒன்றை மட்டும், டெஸ்டுக்குக் கொண்டுபோகும் அதே வண்டியில், மாஸ்டர் காலை மடக்கி உட்கார வைத்துப் பழகுங்கள்.